அப்பா என்கிற பெரிய வாத்தியார்

அப்பா போய்ச் சேர்ந்து இந்தத் தையோடு பத்தொன்பது வருடம் ஆகிறது. எனக்கு அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் ஊருக்குப் போனால் எனக்கென்று ஒரு பெயர் கிடையாது. "பெரிய வாத்தியார் மகன்" என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அவரிடம் படித்த இரண்டு மூன்று பேர், "சாரைப் பற்றி நீங்கள் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாத்தியாராக அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல ஊரில் இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள். வீட்டில் எப்படி இருந்தார் என்று சொல்ல இப்போது அக்காவும் நானும்தான் மிச்சம். அக்கா எழுத மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வல்லத்திராக்கோட்டை, புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் இருக்கிறது. செம்மண் காடு. வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் கடலை, வரகு. இப்போது எங்கே பார்த்தாலும் நிற்கிற தைல மரங்கள் என் சிறுவயதில் இவ்வளவு கிடையாது.

அப்பா 1928இல் பிறந்தவர். அதாவது தொண்டைமான் ராஜா காலத்துப் பிள்ளை. புதுக்கோட்டைக்கென்று தனியாக இருந்த அம்மன் காசைக் கையில் வைத்து மிட்டாய் வாங்கித் தின்றவர். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. அடுத்த வருடம் அப்பா வாத்தியார் வேலையில் சேர்ந்தார். "ராஜா போனார், நான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். ஜில்லா போர்டு வாத்தியாராகச் சேர்ந்து, ஊராட்சி ஒன்றிய வாத்தியாராகி, 1974 பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாவதையும் பார்த்து, 1986இல் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றார். நிர்வாகம் எத்தனை முறை மாறினாலும் அவர் கையில் இருந்த சாக்பீஸ் மட்டும் மாறவில்லை. இடையில் பக்கத்து ஊர்களுக்கு மாற்றல் வந்தபோதும் குடும்பத்தை நகர்த்தவில்லை. சைக்கிளிலேயே போய் வந்தார்.

அடிக்காத வாத்தியார் என்றெல்லாம் எழுத மாட்டேன். அடிப்பார். புளிய மிளாறு எப்போதும் மேசைமேல் இருக்கும். ஆனால் பள்ளிக்கு வராத பிள்ளையை அடித்தது கிடையாது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போவார். கடலை பறிக்கிற சமயத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடும். சாயங்காலம் பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லைக் காடுகளுக்குக் கிளம்பிவிடுவார். "ஆட்டை யாரு வாத்தியாரே பாக்குறது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "சரி, ஆட்டை நான் மேய்க்கிறேன். நீ போயி மூணாப்புக்குக் கணக்குப் பாடம் நடத்து" என்று சொல்லி அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பையன் பிறகு கிராம அலுவலராகி ஓய்வு பெற்றார். அவர் சொல்லித்தான் இது எனக்கே தெரியும்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1956ஐ ஒட்டிய வருடங்கள். அரசாங்கப் பணம் மட்டும் போதாது, ஊர்க்காரர்களும் அரிசி பருப்பு கொடுக்க வேண்டும் என்பது தொடக்கத்து ஏற்பாடு. மழை பொய்த்த வருடத்தில் எந்த ஊர் கொடுக்கும்? அப்பா வீடு வீடாகப் பிடி அரிசிக்கு நிற்பார். கிடைக்காத நாளில் எங்கள் வீட்டுக் குதிரில் கை வைப்பார். இதில் அப்பத்தாவுக்கும் அவருக்கும் சண்டை வரும். "ஊருப் பிள்ளைக்கெல்லாம் கஞ்சி ஊத்துறவன் பொண்டாட்டி தலைக்கு எண்ணெ இல்லாம நிக்கிறா" என்று அப்பத்தா வாசலில் நின்று சத்தம் போடும். அம்மா ஒன்றும் பேச மாட்டாள்.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கே எழுத்து சொல்லிக் கொடுத்தவரின் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் அப்பா சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, 'ஆ'வை மாற்றிப் போட்டதற்கு வகுப்பில் கத்துகிற மாதிரி கத்திவிட்டார் போலிருக்கிறது. அம்மா சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள்தான். அப்புறம் அக்கா பிறந்தாள், நான் பிறந்தேன், மாடு கன்று, அப்பத்தா. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் அம்மா பெருவிரலை உருட்டுவாள். பக்கத்தில் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை மட்டும் அவர் வேகமாகப் போடுவார். எல்லா இடத்திலும் நிறுத்தி நிதானமாக எழுதுகிறவர்.

இப்படிச் சொல்வதால் அவர் வீட்டைக் கவனிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பிறந்த பிறகு அம்மாவுக்கு ரொம்ப நாள் உடம்பு முடியவில்லை. அப்போது விடியற்காலையில் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி வந்தது, சோறு வடித்தது, அக்காவுக்குத் தலை பின்னிவிட்டது எல்லாம் அப்பாதான். ஆம்பிளை தலை பின்னுவதை வேடிக்கை பார்க்க வருவார்களாம். பின்னல் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது என்று அக்கா இப்போதும் சொல்வாள். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் சிரிக்கும். ஆனாலும் அவிழ்க்க மாட்டாளாம்.

அந்த அக்காதான் இந்தக் கதையின் மையம்.

1965இல் அக்கா எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் அப்போது அதோடு படிப்பு முடிந்துவிடும். அதை யாரும் கட்டளையாகக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் விளக்கு வைப்பது மாதிரி, அது தானாக நடக்கும். தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். அவர் மகன்தான் அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. சீர்த் தட்டு இறங்கும்போதே, இரண்டு வருடத்தில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்தாகிவிட்டது. அப்பா மட்டும் அந்தப் பேச்சில் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி திறந்தது. அக்காவை அனுப்ப அப்பத்தா விடவில்லை. அப்பா சண்டை போடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்து, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் பரப்பினார். கணக்கு, தமிழ், சரித்திரம் அவரே சொல்லிக் கொடுத்தார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவு போதாது. முந்தின நாள் தான் படித்துக்கொண்டு, மறுநாள் அக்காவுக்குச் சொல்லுவார். அர்த்தம் தெரியாத வார்த்தைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை புதுக்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்து, தெரிந்த உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு வருவார். இப்படி இரண்டு வருடம்.

அப்பத்தா ஒருநாள், "வீட்டுக்குள்ள வச்சுப் படிக்க வச்சு என்னடா செய்யப் போற?" என்று கேட்டது. அப்போது அப்பா சொன்ன கதையை, பாயில் படுத்துக்கொண்டு நானும் கேட்டேன். பிறகு அவர் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் அதே கதையைச் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர் நாராயணசாமி ஐயர். அவர் மனைவி சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இப்படி ஒரு உறவுக்கு என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை. ஐயரை அவருடைய சொந்த பந்தம் ஒதுக்கியது. அவர்களுக்கு 1886இல் பிறந்த மகள் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். ஐயர் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார், மற்ற ஆசிரியர்களைக் கொண்டும் சொல்லிக் கொடுத்தார். அவள் மெட்ரிகுலேஷன் தேறினாள். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவளைச் சேர்க்கப் போனபோது ஊரில் பெரிய எதிர்ப்பு. கடைசியில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ராஜா அனுமதி கொடுத்தார். வகுப்பில் பையன்கள் பார்க்காதபடி திரை கட்டி, அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள் அந்தப் பெண். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டரானார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

"ராஜா காலத்துலயே ஒரு அப்பன் செஞ்சிருக்கான் ஆத்தா. இப்ப காங்கிரஸ் ராஜ்ஜியம். நான் செய்யக் கூடாதா?" என்று அப்பா கேட்டார். "அவரு காலேஜி பிரின்சிபாலு. நீ பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து வாத்தி" என்றது அப்பத்தா. அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. விளக்கின் திரியை ஏற்றிவிட்டு, மறுபடி பாடத்தை ஆரம்பித்தார்.

இன்றைக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தெரியாத பிள்ளைத்தாய்ச்சி தமிழ்நாட்டில் இருக்க மாட்டாள். மகப்பேறு உதவித்தொகைக்கே அவர் பெயர்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவ்வை இல்லமும் அவர் ஏற்படுத்தியவை. ஆனால் அவருடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். புதுக்கோட்டைக்காரர்களிலேயே பத்தில் ஒருவர் சொன்னால் அதிகம். பிற்பாடு இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் பட்டது. சந்திரம்மாளுக்கு மகளைக் காலாகாலத்தில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஊர் வாயில் விழுந்து எழுந்த ஒரு தாய் பயப்படாமல் என்ன செய்வாள்? துணிந்த அப்பாக்களைப் பற்றிப் பேசுகிற நாம், பக்கத்தில் பயந்துகொண்டே நின்ற அம்மாக்களைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் அந்தத் துணிச்சலுக்கான கணக்கைத் தீர்த்தது அம்மாதான்.

1967 ஜூனில் அக்காவைப் புதுக்கோட்டையில் ராணியார் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்த்தார் அப்பா. பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளி என்பதால் அப்பத்தா அரை மனதாகச் சம்மதித்தது. தங்குவதற்கு அப்பாவின் சித்தி வீடு. மாமாவுக்குச் செய்தி போனதும் மறுநாளே வந்துவிட்டார். திண்ணையில்கூட உட்காரவில்லை.

"பேசி முடிச்ச பொண்ண எதுக்கு டவுனுக்கு அனுப்புறீக?"

"படிப்பு முடியட்டும் மச்சான். பொறவு அவளைக் கேட்டுக்கிட்டுச் செய்வோம்."

"அவளைக் கேக்குறதா? பொட்டப்பிள்ளையப் படிக்க வச்சுக் கலெக்டராவா ஆக்கப் போறீக?"

அப்பா மேற்கொண்டு பேசவில்லை. மாமா அம்மாவைப் பார்த்து, "இனிமே உனக்கு அண்ணன் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றது நின்றபடி நின்றாள். அதற்குப் பிறகு தீபாவளிக்குச் சீர் வரவில்லை, பொங்கலுக்குப் பானை வரவில்லை. பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்பானை வராத பொங்கல் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எப்படி இருக்கும் என்பது இதைப் படிக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். தெருவில் நாலு வீட்டுக்குப் பானை வந்து இறங்குகிறபோது, அம்மா கொல்லைப்பக்கம் போய் எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பாள்.

கடிதம் மட்டும் வந்தது. மாமா நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். இன்லண்டு லெட்டரில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார். அப்பா சாயங்காலம் வந்து அதைப் பிரித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு நினைவிருக்கிற வரை அந்தக் கடிதங்களில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. எல்லாரும் சுகம், மாடு கன்று போட்டது, மழை இல்லை, பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும். "கோவத்துலயும் பிள்ளைகளை விசாரிக்குது பாரு எங்க அண்ணன்" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வாசித்து முடித்ததும் அப்பா கடிதத்தை மடித்து, தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

1968 கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அம்மாச்சி படுத்த படுக்கையாகக் கிடக்கிறது, உடனே புறப்பட்டு வரவும் என்று அப்பா வாசித்தார். அன்றைக்கு ராத்திரியே மாட்டுவண்டி கட்டி ரோட்டுக்கு வந்து, முதல் பஸ் பிடித்தோம். நானும் கூடப் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆலங்குடிக்கு அந்தப் பக்கம், பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்றும் மறக்கவில்லை. இரண்டு கையையும் நிலைப்படியில் அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். வரச் சொல்லிவிட்டு ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "ஆத்தா…" என்று ஒரு சத்தம். மாமாவின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடிவிட்டாள். திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு மாமாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கையை எடுத்துவிட்டார்.

அப்பா அந்த வீட்டுக்குள் போகவில்லை. எதிரே புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். மூன்று நாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாப்பாடு கொடுத்தார். மூன்றாம் நாள் அம்மாச்சி இறந்தது. அம்மா மடியில்தான் உயிர் போயிற்று. கடைசிப் பால் ஊற்றினதும் அம்மாதான். எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பும்போது மாமா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறு வருடம் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அதே 1969இல்தான் புதுக்கோட்டையில் அரசு மகளிர் கலைக் கல்லூரி தொடங்கினார்கள். அப்பாவுக்கு அது தனக்காகவே திறந்த மாதிரி இருந்தது. பி.யூ.சி. அங்கே, பிறகு பட்டமும் பி.எட்.டும் திருச்சியில். சேமநலநிதியில் கடன், கூட்டுறவுச் சங்கத்தில் கடன், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி எல்லாம் அதில் போயின. 1975இல் அக்கா அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனாள். முறை மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அவருக்கும் அக்காவுக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அக்கா கல்யாணத்துக்கு அவர் மட்டும் தனியாக வந்து மொய் எழுதிவிட்டுப் போனார்.

என் படிப்பு, என் வேலை இதெல்லாம் சாதாரணமாக நடந்தது. எழுத ஒன்றுமில்லை.

1986இல் அப்பா ஓய்வு பெற்றார். முதல் இரண்டு வருடம் மனிதர் திண்டாடிப் போனார். காலையில் ஒன்பது மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். "மணி அடிக்கிற சத்தம் கேக்குறப்ப இவரு கையும் காலும் தரிக்க மாட்டேங்குது" என்று அம்மா எனக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

அப்புறம் வந்தது அறிவொளி.

1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் கிளம்பியதை நேரில் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ராத்திரி ஏழு மணிக்கு மேல் எந்த ஊருக்குப் போனாலும் கோயில் வாசலிலோ தெருவிளக்கின் அடியிலோ ஒரு கூட்டம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். கல் உடைக்கிற பெண்கள், கூலி வேலைப் பெண்கள், மாமியார், மருமகள் எல்லாரும். பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் கிடுகிடுத்தது. கலெக்டர் எங்கள் பக்கம் வந்த அன்று, கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த அப்பா, அம்மாவிடம், "பொட்டப்பிள்ள கலெக்டராகுமான்னு உங்க அண்ணன் கேட்டாரே, இன்னைக்கு வந்திருந்தா நேர்லயே பாத்திருக்கலாம்" என்றார். இருபத்து நாலு வருடம் அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்திருக்கிறார்!

அறுபத்து மூன்று வயதில் தொண்டராகச் சேர்ந்துவிட்டார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? அப்பா தன்னுடைய பழைய ஹெர்குலிஸை, பார் வைத்த ஆம்பிளை சைக்கிளை, பள்ளித் திடலில் கொண்டுபோய் நிறுத்தினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் ஏற, அப்பா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். ஒருநாள் சைக்கிளும் அந்தப் பெண்ணும் அப்பாவும் ஒன்றாக விழுந்து, அப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அந்தக் கூத்தைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. 1992இல் ஒரே வாரத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களில் சிலர் எங்கள் ஹெர்குலிஸில் பழகியவர்கள்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அறிவொளிக் கணக்கெடுப்பில் அந்த வயதுக்காரர்கள் சேர மாட்டார்கள். ஆனால் எதிர்வீட்டில் பத்தாவது படித்திருந்த ஒரு பெண் வகுப்பு எடுத்தது. அம்மா ஒருநாள் பேச்சுக்குப் போவது மாதிரி போனாள். மறுநாளும் போனாள். பிறகு சிலேட்டு வாங்கி வரச் சொன்னாள். "எங்கிட்ட கேட்டா நான் சொல்லித் தர மாட்டேனா?" என்று அப்பா கேட்டார். "ஒங்ககிட்டயா? மிளாறத் தேடுவீக" என்றாள் அம்மா. அவர் வாயடைத்துப் போனார். அதன்பின் அம்மா எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கமே வர மாட்டார். திண்ணையில் இருந்தபடி எட்டிப் பார்ப்பதோடு சரி.

எட்டு ஒன்பது மாதத்தில் அம்மா பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்தாள். கடைப் பலகைகளைப் படித்தாள். தபால் ஆபீஸில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டபோது, போஸ்ட் மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டாராம். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தார்.

பிறகு ஒருநாள், அப்பா வெளியே போயிருந்த நேரம், அம்மா அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தாள். நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். மாமா இறந்து அப்போது நாலு வருடம். அண்ணன் எழுத்தைத் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். மாமாவின் கையெழுத்து பொடி எழுத்து. அரைமணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு சரியா வாசி. எனக்குத் தப்பா வருது."

தப்பாக வரவில்லை. அவள் சரியாகத்தான் கூட்டியிருந்தாள். பிள்ளைகளை விசாரித்த வரி ஒரு கடிதத்திலும் இல்லை. மாடு கன்று போட்ட வரியும் இல்லை. இருந்ததையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். 1968ஆம் வருடக் கடிதத்தில், ஆத்தா சாகக் கிடக்கிறது, செத்தாலும் நீயோ உன் புருஷனோ இந்த வாசலை மிதிக்கக் கூடாது, தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன் என்று இருந்தது. புறப்பட்டு வரவும் என்ற வார்த்தையே கிடையாது.

அம்மா கடிதங்களைப் பழையபடி அடுக்கி வைத்தாள். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் அப்பாவுக்குக் காபி கொடுக்கும்போது கேட்டாள். "அன்னைக்கு வரச் சொல்லி எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களே?"

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. காபியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அண்ணன் எழுத்துல பிழை நிறைய இருந்துச்சு. நான் திருத்தி வாசிச்சேன்" என்றார்.

"அப்ப ஏன் கிழிச்சுப் போடாம வச்சிருந்தீங்க?"

"அது ஒனக்கு வந்த லெட்டரு. அதைக் கிழிக்க நான் யாரு?"

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அழுதாளா, கோபப்பட்டாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காபி ஆறிப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள்தான் அழுதாள். தன் படிப்பால் அம்மாவுக்கு இவ்வளவு வந்ததா என்று. அம்மா அவளுக்குத் தானே கைப்பட ஒரு கார்டு எழுதினாள். நாலே வரி. நீ படித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பேரனைக் கூட்டிக்கொண்டு வா, கருவாடு கொண்டு வராதே, இங்கே நிறைய இருக்கிறது. அம்மா வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

கடைசி ஐந்தாறு வருடங்கள் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பிரஷர் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். காலையில் திண்ணையில் அம்மா பேப்பர் வாசிப்பாள், அப்பா கேட்பார். அம்மாவுக்கு 'ழ' வராது. "மளை" என்பாள். "மழை" என்று திருத்துவார். "நீங்களே வாசிச்சுக்கங்க" என்று பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். ஐந்து நிமிடம் பொறுத்து, "சரி, மளைதான், வா" என்று அப்பா குரல் கொடுப்பார். இது தினமும் நடக்கும். நான் போயிருந்த நாட்களில் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன்.

2006 தை மாதம், எழுபத்தெட்டு வயதில், தூக்கத்திலேயே போனார். அவரிடம் படித்தவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். திடலில் ஹெர்குலிஸில் ஓட்டப் பழகிய பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளிலேயே வந்து வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாமா மகனும் வந்திருந்தார். அம்மா அதன் பிறகு ஆறு வருடம் இருந்தாள். தினமும் பேப்பர் வாசிப்பதை நிறுத்தவில்லை, சத்தம் போட்டேதான் வாசிப்பாள்.

தகரப் பெட்டி இப்போது திருச்சியில் அக்கா வீட்டில் இருக்கிறது. அவளும் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது. மாமாவின் கடிதங்களை என்ன செய்வது என்று போன மாதம் கேட்டாள். மாமா மகன் வழிப் பேத்தி அக்காவிடம்தான் கணக்கு டியூஷன் படிக்கிறாள். கெட்டிக்காரி. வீட்டில் பெட்டியைக் குடைகிற பழக்கம் வேறு இருக்கிறதாம். பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்.